பள்ளிகொண்டாவில் நடை சாத்தியிருந்தது

ஆம்பூர்,
ஆடி மாதக் கடைசிச் செவ்வாய்.

மரியாதைக்குரிய மச்சான் தனகோடி அவர்களுக்கு,

உங்கள் தங்கை மேகலாவின் வீட்டுக்காரன் காசிநாதன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் தேவகி அக்காவும் சுகமாக இருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னீர்கள். அக்கா விஷயத்தில் அதை நம்புகிறேன். உங்கள் விஷயத்தில் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு போன் போட்டால் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். போன தடவை நான் ஆட்டுத்தோல் விலையை உங்களிடம் சொல்ல, அதை உங்கள் எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, மறுநாள் எனக்கே போன் செய்து அதைவிடக் கம்மியாகக் கேட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஹேமந்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வீர்கள். பெற்ற மகன் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிற விஷயம் இல்லை இது. அதனால் கூரியர். உறையின் மேல் ‘அந்தரங்கம்’ என்று எழுதினால் வீட்டில் எல்லோரும் பிரிப்பார்கள். ‘தோல் சாம்பிள்’ என்று எழுதியிருக்கிறேன்; ஒருத்தரும் தொட மாட்டார்கள். சந்தேகம் வரக் கூடாது என்று உள்ளே உண்மையாகவே ஒரு துண்டு ஆட்டுத்தோலும் வைத்திருக்கிறேன். நல்ல சரக்கு, கண்ணாடி துடைக்க ஆகும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் எங்கள் மகள் பூர்ணிமா கல்யாணம். மணமேடையில் அவள் நெற்றியில் மாமன் பட்டம் கட்ட வேண்டியவர் நீங்கள். ஆனால் மூட்டு வலி, மேடை ஏற முடியாது, எனக்குப் பதிலாக ஹேமந்த் கட்டுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவேளை சோறு ஒழுங்காக இறங்கவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில் உங்கள் தங்கை அழுத அழுகைக்குக் கடைக்காரர் விலை ஜாஸ்தி சொல்லிவிட்டோமோ என்று பயந்து தானாகவே குறைத்தார். சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகையைத் தாய்மாமனுக்கு வைக்காமல் என் தோஸ்த் சர்தார் பாஷாவுக்கு வைத்துவிட்டேனாம், அந்தக் கோபத்தில்தான் அண்ணன் வர மறுக்கிறாராம். பாஷாவுக்கு முதலில் வைத்தது உண்மை. அவர் மண்டி போகிற வழியில் இருந்தது, வண்டியை நிறுத்தினேன், கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்காகக் கோபித்துக்கொள்கிற ஆள் நீங்கள் இல்லை. உங்களுக்கு மூட்டு வலியும் இல்லை மச்சான். உங்களுக்கு இருப்பது அடக்க முடியாத மூத்திரம். ஒளித்து எழுதி எனக்குப் பழக்கம் இல்லை; மன்னியுங்கள். எனக்கும் அதேதான் இருந்தது, அதனால்தான் தெரியும்.

போன ஐப்பசியில் குடோனில் தோல் அடுக்கின் மேல் ஏறி வழுக்கி விழுந்ததும், முதுகில் ஆபரேஷன் ஆனதும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து ஆப்பிள் கொடுத்தீர்கள். கால் வந்துவிட்டது, நடந்துவிட்டேன், எல்லோரும் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, “யூரின் போகுதா?” என்று கேட்டார். “போகுது சார், நல்லாவே போகுது” என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். எங்கே போகிறது, எப்போது போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுற்றி நர்ஸ் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், மேகலா நின்றிருந்தாள், நீங்களும் ஆப்பிளோடு நின்றிருந்தீர்கள். எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. வருகிறது என்று தெரிந்த பிறகு ஓடினால் பாத்ரூம் வரை கால் போய்ச் சேரும், சேர வேண்டியது வழியிலேயே சேர்ந்துவிடும். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டால் வரும். வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுத்தால் வரும். தொழிற்சாலை வாசலில் தோல் துணுக்கு பொறுக்கி ஆரம்பித்து, இன்றைக்கு இரண்டு குடோன் வைத்திருக்கிற ஆள், பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே தோற்றுப்போய் நின்றேன்.

இதில் வியாபாரத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். தோல் மண்டியில் இன்றைக்கும் பழைய ஆட்கள் வாயால் விலை பேச மாட்டார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு, அதன் அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தித்தான் விலை. சுற்றி நிற்கிற பத்துப் பேருக்குத் தெரியக் கூடாது அல்லவா. வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசும், உள்ளே விரல் பேரம் பேசும். நடுவில் கையை உருவிவிட்டால் உன் விலை எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். தை மாசம் ஒருநாள் பாஷாவும் நானும் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஒரு விரலை அழுத்துகிறார். பக்கத்தில் எவனோ சோடா பாட்டிலைத் திறக்கிறான். புஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கையை உருவிக்கொண்டு எழுந்தேன், கொல்லைப் பக்கம் ஓடினேன். பாஷா சும்மா இருப்பாரா. “இன்னா காசி, இவ்ளோ கோவமா? ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போறே. சரி வா, கம்மி பண்ணிக்கலாம்” என்று பின்னாலேயே வந்தார். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று விலையைக் குறைத்தார். நான் உள்ளே இருந்தபடி ஒன்றும் பேசவில்லை. பேசுகிற நிலைமையில் இல்லை. அதையும் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் குறைத்தார்.

அதிலிருந்து மண்டியில் எனக்குக் கல்லு காசி என்று பேர். ஆசாமி மசிய மாட்டான், பிடிக்கவில்லை என்றால் துண்டோடு எழுந்து போய்விடுவான் என்று பேச்சு. பூக்கடைப் பக்கம் இருக்கிறானே இளவட்டம் தௌசீப் அகமது, அவன் என்னைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்கிறானாம். பேரத்தின் நடுவில் கையை உருவிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், அங்கே சும்மா நின்று போன் பார்த்துவிட்டு வருகிறான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். நிஜமாகவே அவசரமாகப் போகிற நான் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. கொள்முதல் அந்த இரண்டு மாசம் நல்ல மலிவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் மாற்றுப் பேன்ட்டைச் சாம்பிள் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போய், அது நனைந்தால் கறுப்புப் பாலிதீனில் சுற்றி ஒளித்துக் கொண்டு வருகிறவனுக்கு அந்த மலிவு இனிக்குமா. உட்கார்ந்தால் வாசலோரம், பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டு, விசேஷ வீட்டில் யாராவது காபி என்றால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று பொய். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது கோபுரமும் இல்லை, கடைத்தெருவும் இல்லை, கட்டணக் கழிப்பிடம் என்ற போர்டு.

கடைசியில் மாசி மாசம் யாருக்கும் சொல்லாமல் வேலூர் போனேன். மேகலாவிடம் சரக்குப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஷஹீன் பானு என்று ஒரு டாக்டரம்மா, இந்த வேலைக்கென்றே படித்தவர். பெண் டாக்டர் என்றதும் எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் அதற்குள் எழுந்து ஓட வேண்டிய வேறு காரணம் வந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர், “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், பார்த்துட்டேன்” என்றார். பிறகு விளக்கினார். மூளைக்கும் மூத்திரப் பைக்கும் நடுவே நரம்பு வழியாகப் போகிற செய்தி அடிபட்டதில் கெட்டுப்போயிருக்கிறது. பொறு என்று மேலே இருந்து சொல்வது கீழே கேட்பதில்லை. பை தன்னிஷ்டத்துக்கு இறுக்கிப் பிழிந்துவிடுகிறது. நான் அதை டேனரி கணக்கில் புரிந்துகொண்டேன். ஆபீஸுக்கும் தோல் ஊறுகிற டிரம்முக்கும் நடுவே ஒயர் அறுந்துவிட்டால் சுவிட்ச் போடாமலே டிரம் சுற்றுகிற மாதிரி. “கரெக்ட்தான், ஆனா உங்க டிரம்முக்கு வேற டிரம் வாங்க முடியாது, அத அமைதிப்படுத்த மாத்திரை இருக்கு” என்றார். முதலில் ஒரு ஸ்கேன். மூத்திரம் போய்விட்டு வரச் சொல்லி, பைக்குள் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார்கள். எனக்கு மிச்சம் இல்லை. இதை மனசில் வையுங்கள் மச்சான், பின்னால் வேலைக்கு வரும்.

முதல் மாத்திரை பையின் இறுக்கத்தைத் தளர்த்துகிற ஜாதி. இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள் என்றார். நான் வியாபாரி புத்தியில், “நல்லா இருந்தா மொத்தமா எடுத்துக்கறேன், ரேட்டு பார்த்துப் போடுங்க” என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாத்திரை வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஓட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, சித்திரை மாசத்துப் பாலாறு மாதிரி வறண்டுவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. மண்டியில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்தார்கள். வாய் காய்கிறதே என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். மேலே ஊற்றினால் கீழே வராமல் எங்கே போகும்? மறுபடி ஓட்டம். இதில் இன்னொன்று: முன்வாசலை மாத்திரை சாத்தியதும் பின்வாசலும் சேர்ந்து சாத்திக்கொண்டது. நாலு நாள் ஆயிற்று திறக்க. கிட்டத்தில் பார்க்கிற எழுத்தும் மசமசவென்று தெரிந்தது. தோலைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்கிற நான் மூக்கால் முகர்ந்து சொன்னேன். இத்தனைக்கும் காரணம் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மேகலா மாத்திரை அட்டையைப் பார்த்து இன்னாங்க இது என்று கேட்டபோது, முதுகெலும்புக்குச் சத்து என்று சொல்லிவிட்டேன். உடனே நம்பிவிட்டாள், பாவம்.

இந்த முதல் மாத்திரை காலத்தில்தான் பங்குனியில் நிச்சயதார்த்தம் வந்தது. ஆம்பூரில் இருந்து எல்லோரும் வேனில் வேலூருக்குப் புறப்பட்டோம். ரிட்டயர் ஆன நாளிலிருந்து வெள்ளை வேட்டி தவிர வேறு எதையும் இடுப்பில் கட்டாத நீங்கள் அன்றைக்குக் கறுப்புப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தீர்கள். மற்றவர்கள், மாமா வயசு குறைஞ்சிட்டார் என்று கேலி செய்தார்கள். எனக்கு அப்போதே ஒரு பொறி தட்டியது. ஈரம் தெரியாத நிறம் எது என்று இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார். ஏறின உடனே கதவோர சீட்டு பிடித்தீர்கள். தண்ணீர் பாட்டில் சுற்றி வந்தபோது தாண்டி அனுப்பினீர்கள். பள்ளிகொண்டா வந்ததும், “வண்டிய நிறுத்துப்பா, ரங்கநாதரை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்” என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கண்ணீர் வராத குறை. நானே அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத இரண்டு பேர் வேன் நிற்பதற்கு முன்பே குதித்து ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பெண்பிள்ளைகள் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வேனிலேயே இருந்துவிட்டார்கள்.

வேனுக்குத் திரும்பி வரும் வழியில் கோயில் வாசலில் எதிர்ப்பட்டோமே, நினைவிருக்கிறதா. நீங்கள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தீர்கள்.

“சாமி நல்ல தரிசனம் மாப்ள” என்றீர்கள்.

“ஆமா மச்சான், கூட்டமே இல்ல” என்றேன்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, “நடை சாத்தி எவ்ளோ நேரம் ஆச்சி, சாயந்தரமா வாங்க சாமி” என்று சொன்னது உங்கள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற பொட்டலத்தில் இருந்து நீங்கள் விபூதி பூசிக்கொண்டு வந்தது வரை சரி மச்சான், ஆனால் அது பெருமாள் கோயில். போகிறவனுக்குத் துளசியும் தீர்த்தமும் கொடுப்பார்கள், விபூதி எங்கே கொடுப்பார்கள்? நான் ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏறினேன். சர்க்கரை உங்களுக்கு இருபது வருஷமாக இருக்கிறது. அது நாளடைவில் நரம்பைத் தின்னும், இந்தப் பையையும் விடாது என்று டாக்டரம்மா வெயிட்டிங் ஹாலில் ஒட்டியிருக்கிற படத்திலேயே போட்டிருக்கிறது. வழியெல்லாம் என் பிரச்சினையை மறந்து உங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேரணாம்பட்டு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தீர்கள். கொஞ்சம் நிறுத்துங்க என்று கெஞ்சின எத்தனை பேரை, அடுத்த ஸ்டாப்பிங்ல பார்த்துக்கலாம் என்று உட்கார வைத்திருப்பீர்கள். அந்த மனுஷன் கதவோரம் காலை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கதையை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மாவிடம் திரும்பிப் போய் வாய் வறட்சி, பின்வாசல், கண் மசமசப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஜாதி மாத்திரை அப்படித்தான் பண்ணும், சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது, முதல் வாரமே வந்து சொல்லியிருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டு, வேறு வழியில் பையைத் தளர்த்துகிற வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதில் வாய் காய்வது கம்மி, ஆனால் பிரஷரை ஏற்றலாம், அதனால் அடிக்கடி பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். இதுவும் சரிப்படாவிட்டால் பைக்குள்ளேயே போடுகிற ஊசி ஒன்று இருக்கிறதாம். ஒரு மாத்திரையோடு உலகம் முடிந்துவிடாது என்றார். சித்திரையில் ஆரம்பித்தேன். மாத்திரை அட்டையைச் சாம்பிள் பையில் ஒளித்து வைத்து, இன்றுவரை ஒருநாள் மறக்காமல் நானே போட்டு வருகிறேன். மெதுவாகத்தான் பிடித்தது. ஒருநாள் கை கழுவினேன், ஒன்றும் வரவில்லை. ஒருநாள் சோடா திறந்தார்கள், உட்கார்ந்தே இருந்தேன். பாஷாவுக்குத்தான் கவலை. துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டே, “இன்னா காசி, உடம்பு சரியில்லியா? இவ்ளோ நேரம் உக்காந்துனுகீறே” என்றார். விலையும் குறைக்கவில்லை. மாத்திரையால் எனக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம் அதுதான், வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் முழுசாக நல்லபடியாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது உங்களால்தான். நீங்கள் பட்டம் கட்ட வரவில்லை என்று சொல்லி அனுப்பின மறுநாள், என்ன செய்வதென்று யோசித்து, என் மாத்திரையில் ஒரு அட்டையை மைசூர்பாகு டப்பாவுக்கு அடியில் வைத்து, ‘ராத்திரி ஒன்று’ என்று ஒரு சீட்டும் எழுதி, பேரணாம்பட்டு பஸ்ஸில் உங்கள் பழைய ஆள் கண்டக்டர் பிரேம்நாத் கையில் கொடுத்துவிட்டேன். சர்க்கரைக்காரருக்கு மைசூர்பாகா என்று கேட்காதீர்கள், அந்த யோசனை எனக்கு வரவில்லை. பஸ் கிளம்பின பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, ஒரு தோஸ்துக்கு இதே தொந்தரவு, இதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

“அவருக்கு சுகர் இருக்கா?”

“இருபது வருஷமா இருக்குதும்மா.”

“ஸ்கேன் பார்த்தாங்களா?”

“இல்ல.”

“கொடுக்காதீங்க. கொடுத்துட்டீங்கன்னா திரும்ப வாங்கிடுங்க.”

அப்புறம் விளக்கினார். நரம்பு கெட்டால் பை இரண்டு விதமாகக் கெடும். ஒன்று என்னுடையது, சுவிட்ச் போடாமல் சுற்றுகிற டிரம். இன்னொன்று சுவிட்ச் போட்டாலும் சுற்றாத டிரம். நிறைந்து நிறைந்து மேலே வழிகிறது. வெளியே பார்த்தால் இரண்டிலும் தரை ஈரம், ஒரே மாதிரிதான் தெரியும்; உள்ளே மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தால்தான் எந்த விதம் என்று சொல்ல முடியும். சர்க்கரைக்காரர்களுக்குப் பல பேருக்கு இரண்டாவது விதமாம். அப்படிப்பட்ட பைக்கு என் மாத்திரையைக் கொடுத்தால் தூங்குகிறவனுக்குத் தாலாட்டுப் பாடின மாதிரி. அடைத்துக்கொள்ளும், போகப் போகக் கிட்னியில் போய் நிற்கும். அதற்கு வைத்தியமே வேறு, சில பேருக்கு மாத்திரையைவிடச் சின்னக் குழாய் போட்டு வேளாவேளைக்கு எடுத்துவிடுவதுதான் வழியாம். பிரேம்நாத் நம்பர் என்னிடம் இல்லை. உங்களுக்கு போன் போட்டால் ஸ்பீக்கர். டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினேன். முதல் ஸ்டாப்பில் தவறியது, அடுத்ததிலும் தவறியது. பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைகிறபோது குறுக்கே போய் நின்றேன்.

“சார், பார்சலோட நீங்களே கூட வர்றதுன்னா எனக்கு எதுக்கு டீக்காசு குடுத்தீங்க?” என்றான் பிரேம்நாத்.

டப்பாவை வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு, மைசூர்பாகை அவனிடமே கொடுத்துவிட்டேன். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தேன். அப்போதுதான் உறைத்தது: ஆம்பூரில் இருந்து அவ்வளவு தூரம், குலுங்குகிற வண்டியில், பதைபதைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த நினைப்பே வரவில்லை. எதிரே கட்டணக் கழிப்பிடம் போர்டு இருந்தது. அதைக் கடைசியில்தான் பார்த்தேன். மச்சான், முதுகு உடைந்து மறுபடி எழுந்து நடந்த அன்றுகூட எனக்கு அப்படி நிம்மதியாக இல்லை. உங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெருதான், வந்திருக்கலாம். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். யார் கொடுத்த மாத்திரையும் போடாதீர்கள், என்னுடையது உட்பட. தண்ணீர் குடிக்காமல் கிடந்து உடம்பைக் காய வைக்காதீர்கள். டாக்டரம்மா புது ஆட்களைப் பார்ப்பது வியாழக்கிழமைதான்; அன்றைக்குக் காலையில் நான் காரோடு வருகிறேன், வேலூர் போகலாம். ஸ்கேன் எடுக்க வலியும் இல்லை, நேரமும் ஆகாது. உங்கள் டிரம் எந்த விதம் என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தக்க வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் கேட்டால் இரண்டு பேரும் அமிர்தி அருவி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நமக்கு இருக்கிற தொந்தரவுக்கு அருவிச் சத்தம் பக்கமே போகக் கூடாதுதான், ஆனால் அவசரத்துக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. மண்டபத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். பார்க்கிங் தாராளம் என்று சொல்லி அந்த மண்டபத்தைப் பிடித்தேன், மேகலாவும் சரி என்றாள். உண்மையில் மணமேடைக்குப் பின்னாலேயே ஒரு பாத்ரூம் இருக்கிறது, கதவைத் திறந்தால் நாலு எட்டு. அன்றைக்கு அதன் சாவி என் இடுப்பில் இருக்கும். இந்த ரகசியம் உங்களுக்கும் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் தவிர நாலாவது ஆளுக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. பூர்ணிமா அவள் மாமன் கையால்தான் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

தேவகி அக்காவுக்கு என் வணக்கம். ஹேமந்துக்கு ஆசி. அவன் பட்டம் கட்டப் பழக வேண்டாம், பந்தி பரிமாறப் பழகட்டும். பள்ளிகொண்டா ரங்கநாதர் உங்களுக்கும் எனக்கும் நல்லது செய்யட்டும். அடுத்த தடவை நடை திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நன்றி சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தங்கை வீட்டுக்காரன்,
காசிநாதன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டப் பசை தேடினேன். மேகலா பசை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்து, “அண்ணனுக்குத்தானே? வியாழக்கிழமை பத்து மணின்னு எழுதிட்டீங்களா? அந்த டாக்டரம்மா லேட்டா போனா பார்க்க மாட்டாங்க” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறை மாத்திரையால் இல்லை. உங்கள் பேரில் டோக்கன் போட்டது அவள்தானாம். தேவகி அக்காவும் இவளும் தினம் போனில் பேசுகிறார்களாம், ஸ்பீக்கரில் போடாமல். என் விஷயம் மாசியிலேயே தெரியுமாம். கறுப்புப் பாலிதீனில் சுற்றி வந்த பேன்ட்டைத் துவைத்தது யார் என்று நான் ஒருநாளாவது யோசித்தேனா என்று கேட்கிறாள். உங்கள் விஷயம் பள்ளிகொண்டாவில் தெரிந்ததாம்: “பெருமாள் கோயில்ல எந்த ஊர்ல விபூதி குடுக்கறாங்க?” மாத்திரையையும் நான் மறக்காமல் போட்டதாக எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிட்டுப் படியுங்கள். மறந்த நாளெல்லாம் அட்டை சாம்பிள் பையில் இருந்து தானாக நடந்து என் சவரக் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது; முதுகெலும்புச் சத்து என்று நம்பித்தான் எடுத்து வைக்கிறாள் என்று நானும் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் புடவைக் கடையில் அழுதது, பாஷா பத்திரிகை, சோறு இறங்காதது எல்லாம் என்ன என்று கேட்டேன். “நான் நேரா சொல்லியிருந்தா ரெண்டு பேரும் இன்னும் ஆழமா ஒளிச்சிருப்பீங்க. நீங்களே எழுதணும், அவரே ஒத்துக்கணும், அதான்” என்கிறாள். இத்தனை வருஷம் மண்டியில் உட்கார்ந்தவன் நான். துண்டே போடாமல் என்னிடம் பேரத்தை முடித்துவிட்டாள் உங்கள் தங்கை. வியாழக்கிழமை அவளும் அக்காவும் நம்மோடு காரில் வருகிறார்கள். அமிர்திப் பொய்யையும் நான் உளறிவிட்டேன்; நம்மை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் நிஜமாகவே அமிர்தி போகிறார்களாம். சொன்ன பொய் வீணாகக் கூடாதாம்.

மண்டபத்து பாத்ரூம் சாவியும் என்னிடம் இல்லை. முன்பணம் கட்டின அன்றே அவள் வாங்கி வைத்திருக்கிறாள். பட்டம் கட்ட உங்களுக்கு எடுத்த துணியையும் இப்போதுதான் பிரித்துக் காட்டினாள். கறுப்பாக ஒரு பேன்ட் துணியாக மாற்றிவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என் அண்ணன் எதுக்குக் கறுப்பு கட்டணும் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். வெள்ளை வேட்டிதான் மச்சான். வாங்க.